கட்டணத்தை நிர்ணயிப்பவரே நட்டத்தையும் சுமக்கட்டும்

வருமான வரிக் கணக்கும் கடன் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுப்பது என் தொழில். தாம்பரத்தில் என் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களில் பலர், கார் கடனுக்குத் தாள்களைத் தயார் செய்து தரும்படி கேட்கிறார்கள். ஓலாவிலோ ஊபரிலோ வண்டியை இணைத்து ஓட்டுவதுதான் திட்டம். "ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் பார்க்கலாம் சார்" என்று, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பரின் கைப்பேசித் திரையைப் படமெடுத்துக் காட்டுவார்கள்.

அந்தத் தொகை பொய்யில்லை. ஆனால் அதில் வண்டியின் பங்கு எவ்வளவு, வங்கியின் பங்கு எவ்வளவு, ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்பதைச் செயலி காட்டுவதில்லை. நான் அவர்களுக்குப் போட்டுக் காட்டும் மாதிரிக் கணக்கை இங்கேயும் எழுதுகிறேன். வண்டி ஏழரை லட்சம். ஒன்றரை லட்சம் முன்பணம். பெரும்பாலும் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்த்தான் அது வருகிறது. மீதி 6 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 13,045 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் நாளுக்கு 500 ரூபாய் அதற்கே போய்விடும். சவாரி இல்லாமல் காலியாக ஓடும் தூரத்தையும் சேர்த்து நாளுக்கு 150 கிலோமீட்டர் என்றால் எரிவாயுவுக்கு 700. வாடகை வண்டிக் காப்பீடு, பர்மிட், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, சாலை வரி ஆகியவற்றுக்கு 130. டயர், சர்வீஸ், பிரேக் கட்டை 200. சாப்பாடு, தேநீர், வண்டி நிறுத்தக் கட்டணம் 200. கையில் மிஞ்சுவது 770 ரூபாய். 12 மணி நேரம் சென்னைப் போக்குவரத்தில் உட்கார்ந்து ஓட்டியதற்கு மணிக்கு 64 ரூபாய்.

கடன் முடிந்தால் வண்டி சொந்தமாகிவிடுமே என்பார்கள். ஆகும். தவணையைக் கழித்த பிறகு தேய்மானத்தையும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும் என்பதால் அதை நான் கழிக்கவில்லை. ஆனால் முன்பணமும் தவணையுமாக 9 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் கொட்டிய பிறகு அவர் கையில் இருப்பது 2,34,000 கிலோமீட்டர் ஓடிய கார். அதை விற்றால் அடுத்த காருக்கு முன்பணம் தேறலாம். அவ்வளவுதான் ஐந்தாண்டுச் சேமிப்பு.

இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். என் கணக்கில் செலவுகள் அனைத்தும் உறுதியானவை. உறுதியில்லாத ஒரே எண் அந்த 2,500. அதை ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை. கிலோமீட்டருக்கு எவ்வளவு, இன்றைய இன்சென்டிவ் எவ்வளவு, எந்தச் சவாரி யாருக்கு என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில். ஒரு பயணி புகார் கொடுத்தால் செயலியில் ஓட்டுநரின் ஐடியை முடக்கிவிட்டுப் பிறகு விசாரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவருக்கு அப்படி வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. வண்டி வீட்டு வாசலில் நின்றது. 'டியூ' தேதி மட்டும் தவறாமல் வந்தது.

என் கோபம் இங்கேதான். கட்டணம் பேசும்போது அவர் வெறும் ஓட்டுநர். டயர் வெடித்தால் அவர் சுயதொழில் முனைவோர். இந்த இரட்டை வேடம் நீதிமன்றத்தில் கலைந்த வரலாறு உண்டு. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்றே தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் ஒப்பந்த விதிகளையும் நிறுவனமே வகுக்கிறது, சவாரியை மறுத்தால் கண்காணிக்கிறது, பயணியோடு நேரடித் தொடர்பு வளரவிடுவதில்லை என்பவை அந்தத் தீர்ப்பின் காரணங்களில் அடங்கும். நம் ஊர் ஓட்டுநர் யாரிடம் கேட்டாலும் இதே காரணங்களைத்தான் சொல்வார்.

நம் நாட்டில் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைச் செயலி வழியாக வேலை செய்யும் தொழிலாளர்களின் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் நல நிதி தவணை கட்டாது. மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்த வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் என்கின்றன. எந்தக் கட்டணத்தில் 80 சதவீதம்? அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013இல் நிர்ணயித்தார்கள்; பத்தாண்டுகளுக்கும் மேலாக அதே எண் ஏட்டில் கிடந்தது. ஏட்டில் செத்துப்போன கட்டணம் இருக்கும்போது சதவீதம் பேசி என்ன பயன்? இப்போது பல செயலிகள் கமிஷனை விட்டுவிட்டுத் தினசரிக் கட்டணம் வாங்குகின்றன. அதிலும் சவாரி வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டுநர் முதலில் பணம் கட்ட வேண்டும்.

பயணிகளின் கோபமும் எனக்குத் தெரியும். "எங்கே போகணும், கேஷா ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டுச் சவாரியை ரத்து செய்வது, காட்டிய தொகைக்கு மேல் கேட்பது, இதையெல்லாம் அனுபவிக்காதவர் நகரத்தில் இல்லை. இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கும் பெண்ணையும், மருத்துவமனை வாசலில் நிற்கும் முதியவரையும் கைவிடுவதை நான் எந்தக் கணக்கைக் காட்டியும் நியாயப்படுத்த மாட்டேன். அது தவறு. மற்றபடி, கட்டுப்படியாகாத சவாரியை மறுப்பவரைத் திட்டுவதற்கு முன், அந்தக் கட்டணத்தில் ஏசி காரில் நாம் போக முடிவது எதனால் என்று யோசிக்க வேண்டும். குறைகிற ரூபாயை நிறுவனமா போடுகிறது? ஓட்டுநர் வீட்டு நகை போடுகிறது.

தூக்கமும் இதில் சேர்த்தி. செயலி வண்டிகளுக்கான மத்திய அரசின் 2020 நெறிமுறைகள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பிறகு 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்றன. ஒரு செயலியில் நேரம் முடிந்ததும் இன்னொரு செயலியைத் திறக்கிறார்கள். மாதக் கடைசி வாரத்தில், தவணை நெருங்கும்போது, இது கூடுகிறது. விமான நிலையத்துக்கு விடியற்காலையில் வண்டி பிடிப்பவர்கள், ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டால் தவறில்லை. உங்கள் உயிரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள். வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த வண்டியை, 'ஓன் போர்டு' வண்டியை, மாலை நேரத்தில் வாடகைக்கு ஓட்டுவது. தனிப்பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீட்டில் வாடகை ஓட்டம் அடங்காது. விபத்து நடந்தால் வண்டிச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அடிபட்டவருக்கு நீதிமன்ற உத்தரவின்படி இழப்பீடு கொடுத்தாலும் அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். சாலையில் நடந்துபோன ஒருவர் இழப்பீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியும் வரலாம். நட்டம் என்னோடு போகட்டும் என்று சொல்லும் உரிமை இந்த விஷயத்தில் யாருக்கும் இல்லை.

இந்தத் தொழிலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. வேறு வேலை கிடைக்காதவரிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. கடன் வாங்கும் முன் மூன்று மாதம் வேறொருவர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், ஆறு தவணைக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், அது முடியாவிட்டால் பழைய வண்டியோடு தொடங்குங்கள் என்கிறேன். ஜாமீன் போடப்போகும் மச்சானையோ சித்தப்பாவையோ உடன் அழைத்து வரச் சொல்லி, அவர்களையும் உட்கார வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேன். தவணை நின்றால் அவர்கள் கதவும் தட்டப்படும் என்பதை அறிந்த பிறகு அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.