கார் பேட்டரியே சோலாருக்குப் போதுமா?

"பழைய கார் பேட்டரி ஒண்ணு இருந்தா போதும், சோலார் பேனல மாட்டி ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டலாம்"னு வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டு மூணு நாள் ஓடும்தான், அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க. ஆனா கார் பேட்டரி உள்ள இருக்கிறது மெல்லிசான ஈயத் தகடுங்க, செல்ஃப் அடிக்கிற சில செகண்டுக்கு எக்கச்சக்க கரண்ட் குடுக்கத்தான் அப்படி வச்சிருக்கான், தினமும் காலியாக்கினா தகடு உதிர்ந்து சீக்கிரமே செத்துரும்.

12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு கரண்ட் சேத்து வைக்கும்ங்கிற அளவு) பேட்டரின்னா கணக்குக்கு 1200 வாட் அவர். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற ட்யூபுலர் பேட்டரிலகூட பாதிதான் எடுக்கணும், அதாவது 600 வாட் அவர், 75 வாட் ஃபேனுக்கு 8 மணி நேரம், இன்வெர்ட்டர் தின்னுறது வேற. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4) பேட்டரில 80 சதவீதம் வரைக்கும் தாராளமா எடுக்கலாம், விலை ஜாஸ்தி, பிஎம்எஸ் (அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாம, ஒரேயடியா காலியாகாம பாத்துக்கிற சர்க்யூட்) இல்லாம மட்டும் வாங்கிராதீங்க. பட்ஜெட் இடிச்சா ட்யூபுலரே போடுங்க, டிஸ்டில்ட் வாட்டர் பாத்து ஊத்துங்க.