கோரிக்கைப் பட்டியலின் முதல் வரி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு கோரிக்கைப் பட்டியல் வேண்டும் என்று கூடினோம். செயலாளர் நோட்டைத் திறந்து "ஒன்று" என்று எழுதுவதற்குள் நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: "வீட்டு வரியைக் குறைக்கணும்."

அதை முதலில் போடாதீர்கள் என்று எழுந்து சொன்னேன். காரணத்தைச் சொல்லி முடிக்க விடவில்லை. "மேடம், நீங்க பென்ஷன் வாங்குறீங்க, உங்களுக்கு என்ன" என்றார் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வரி நிஜமாகவே ஏறியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். ஆனாலும் சொல்ல வந்ததை எங்கேயாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருப்பது தென்சென்னையில், வேளச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற தூரம். 2011 வரை எங்கள் பகுதி ஊராட்சி. அந்த வருடம்தான் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சியை 426 ஆக்கினார்கள். 155 வார்டு 200 ஆனது. நாங்களும் மாநகரவாசிகள் ஆனோம். அதற்கு முன்பே பதினைந்து வருடம் இங்கே குடியிருந்திருக்கிறேன். மனை வாங்கும்போது தரகர் பெருமையாகச் சொன்ன விஷயமே "இங்க சிட்டி வரி கிடையாதுங்க" என்பதுதான். உண்மை. பாதாளச் சாக்கடையும் கிடையாது, மழைநீர் வடிகாலும் கிடையாது, குழாயில் தண்ணீரும் கிடையாது. அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

கூட்டம் முடிந்து வந்த இரவு போன வருடத்துக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் செலவு எழுதும் பழக்கம் உண்டு, பால் பாக்கெட் முதல் எழுதுவோம். குடிக்கக் கேன் தண்ணீர், மாதம் 15 கேன், ஒன்று 40 ரூபாய். வருடத்துக்கு 7,200. ஏப்ரல் முதல் ஜூலை வரை சம்ப்புக்கு லாரித் தண்ணீர், மாதம் இரண்டு லோடு, லோடுக்கு 1,200. அது 9,600. செப்டிக் டேங்க் எடுக்க மூன்று தடவை லாரி வந்திருக்கிறது, தடவைக்கு 2,000 வீதம் 6,000. கூட்டினால் 22,800 ரூபாய்.

வீட்டு வரி அரையாண்டுக்கு 2,226. வருடத்துக்கு 4,452.

ஐந்து மடங்குக்கும் மேல். நாங்கள் கொதித்துப் பேசுவது அந்த நாலாயிரத்துச் சொச்சத்தைப் பற்றி. மற்ற 22,800-ஐ யாரும் வரி என்று நினைப்பதே இல்லை. ஆனால் எனக்கு அதுவும் வரிதான். ஊரே சேர்ந்து ஒரு குழாய் போடாததால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கட்டுகிற வரி. அதற்கு ரசீது இல்லை, மன்றக் கூட்டம் இல்லை, ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் வேலை இல்லை. 1978-இல் குடிநீர் வாரியம் வந்ததிலிருந்து அது தனி, அதற்கான வரியும் தனி. இதைச் சொன்னால் "அப்போ எதுக்குக் கவுன்சிலர்கிட்ட கேக்கணும்" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வரி. நாம் வீட்டு வரி என்று சொல்வதன் பெயர்தான் சொத்துவரி. அதை எல்லா வீட்டுக்கும் மாற்றி அமைக்கும் பொதுச் சீராய்வு, சென்னையில் 1998-க்குப் பிறகு 2022-இல்தான் நிலைத்தது. நடுவில் 2018-இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டிய பணத்தை அடுத்த தவணைகளில் வரவு வைத்தார்கள். ஆக 24 வருடம். அந்த 24 வருடத்தில் சித்தாள் கூலி எவ்வளவு ஏறியது, ஒரு மூட்டை சிமெண்ட் எங்கே போனது, நம் வீட்டின் விலையே எத்தனை மடங்கு ஆனது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மாநகராட்சிக்கு மட்டும் பழைய வரவிலேயே சாலை போடு, பள்ளிக்கூடம் நடத்து, கொசு மருந்து அடி என்றோம். அப்புறம் 15-ஆவது நிதிக் குழு, சொத்துவரியை உயர்த்தாத ஊருக்கு மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டது. 24 வருடத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் ஏறியது.

அந்த உயர்வை நான் எதிர்க்கவில்லை. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குக் குறைவாகவும், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் அதிகமாகவும், 2011-இல் சேர்ந்த எங்களைப் போன்ற பகுதிகளுக்கு இன்னும் குறைவாகவும் வைத்தார்கள். எனக்கு 50 சதவீதம், பழைய நகரத்தில் பெரிய வீடு என்றால் 150 சதவீதம். அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு ஆற்றாமை எல்லாம் அது வந்த விதத்தில்தான். 2022 பிப்ரவரி 19-இல் ஓட்டுப் போட்டோம். ஏப்ரல் 1-இல் அறிவிப்பு வந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. வீடு வீடாக வந்து கும்பிட்ட எத்தனையோ வேட்பாளர்களில் ஒருவர்கூட "ஜெயித்தால் வரி ஏறும், அதை வைத்து இன்னது செய்வோம்" என்று எங்கள் தெருவில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள். நம் ஜனங்களுக்குக் கணக்குப் புரியாது என்று நினைப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் கதை வேறு. எங்கள் எதிர்வீட்டில் இரண்டு போர்ஷன். "வீட்டு வரி ஏறிடுச்சு" என்று போர்ஷனுக்கு மாதம் 500 ரூபாய் கூட்டினார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து வருடத்துக்கு 12,000 அதிகம் தருகிறது. அந்த வீட்டுக்கு ஏறிய வரி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. நாளைக்கே வரியைக் குறைத்தால் அந்த 500 ரூபாய் திரும்பி வருமா? இந்த இரண்டு குடும்பங்களுக்கும் எங்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆகும் உரிமையே கிடையாது, உரிமையாளர்களுக்கு மட்டும்தான். பட்டியலில் முதல் வரியாக வீட்டு வரி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது வீடு. கூட்டத்தில் இதை யாரும் தொடவே இல்லை, வந்திருந்த எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது.

நுங்கம்பாக்கத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பெருக்கித் துடைக்க ஓர் அக்கா வருவார். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடியிருந்தார். காலை ஐந்தரைக்கு ரயில் ஏறுவார். மாம்பலம், கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம். எட்டரைக்கு எங்கள் மாடியை முடித்துவிட்டுச் சூளைமேட்டில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வரிசை மொத்தமும் போனது. அப்புறம் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கிடைத்தது.

வீட்டைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கதவைப் பூட்டலாம், உள்ளேயே கழிப்பறை, மழை பெய்தால் பயமில்லாமல் தூங்கலாம். ஒரு நாள் நான் சீக்கிரம் போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா திறந்தபடி மடியில் இருந்தது, இட்லியைத் தொடவில்லை, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார், பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. "மூணரைக்கு எந்திரிக்கிறேன் மேடம். மொத பஸ்ஸ விட்டா இங்க லேட்டு. வீட்டக் கொண்டு போயி அங்க வெச்சாங்க, வேலை இங்கயே இருக்கு." சூளைமேட்டு வீடுகள் இரண்டும் அதற்குள் போய்விட்டன. பையனைப் பாதி வருடத்தில் பள்ளி மாற்ற வேண்டி வந்தது. பேருந்துக்கே மாதம் ஒரு தொகை போனது. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபோது நான் முதலில் நினைத்தது அவரைத்தான். ஆனால் அதற்கு முன்பே அவர் வேலையை விட்டுவிட்டார்.

இன்னொன்று. அவர் போன காலத்தில் பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. வீட்டோடு அவர் ஓட்டும் ஊரை விட்டுப் போனது. அவர் பிறந்து வளர்ந்த வார்டில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லாமல் போனது.

ஆற்றங்கரையிலேயே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2015-ஐப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பதுதான் அதன் முழக்கம். குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மாடி வீடு கட்டுவது அன்றைய வழி. நகரத்துக்குள் இன்றும் நிற்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் அப்படி வந்தவை. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரிய பெரிய குடியிருப்புகள் நகரத்தின் ஓரத்துக்குப் போயின. நிலம் அங்கே மலிவு. அந்த மலிவின் மிச்சத்தைக் கட்டியது வீங்கிய அந்தப் பாதங்கள்.

கவுன்சிலர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இங்கே வருகிறேன். 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. சென்னையில் தண்ணீர் ஒரு வாரியத்தில், திட்டமிடல் ஒரு குழுமத்தில், ஏழைகளின் வீடு இன்னொரு வாரியத்தில். 1688-இல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சி இது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் 200 பேருக்கு அங்கே வீட்டைப் பற்றித் தீர்மானிக்க அதிகாரம் இல்லை. அதற்கும் மேலே, 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையில் எங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. யார் வாசலில் போய் நிற்பது?

அதனால் கேட்காமல் இருக்க வேண்டும் என்று ஆகாது. அதிகாரம் இல்லாவிட்டாலும் மன்றத்தில் தீர்மானம் போடலாம், அரசிடம் வாதாடலாம். மாநகராட்சிக்குச் சொந்தமான நிலம் நகரத்துக்குள் இருக்கிறது. அதில் எது எதற்கு என்று பேசும்போது, அந்த வார்டிலேயே வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு வீடு என்பதை முதலில் வைக்கலாம்.

கூட்டத்தில் ஒருவர் அம்மா உணவகம் நஷ்டத்தில் ஓடுகிறது, மூடினால் வரி குறையும் என்றார். 2013-இல் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம். அந்த விலையில் லாபம் வராது என்று தொடங்கிய அன்றே தெரியும். தெருவிளக்கும் லாபம் தராது, பூங்காவும் தராது. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அதன் வாசலில் இருந்த உணவகத்தில் நானே மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் சில்லறையை மூன்று முறை எண்ணினார்.

வரியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கை முதலில் எங்கே போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2000-லிருந்தே சென்னையில் குப்பை அள்ளும் வேலை மண்டலம் மண்டலமாகத் தனியாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். வாங்கும் சம்பளம் குறைந்துவிடும், நிரந்தரம் என்ற நம்பிக்கையே போய்விடும் என்பதுதான் அவர்கள் சொன்னது. பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி இரவு அப்புறப்படுத்தப்பட்டார்கள். நம் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், வரியும் குறைய வேண்டும் என்று ஒரே மூச்சில் நாம் கேட்கும்போது, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது அவர்கள் சம்பளம்.

என்னிடம் பேனாவைக் கொடுத்தால் பட்டியலை இப்படி எழுதுவேன். முதலில், எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் எல்லா வீட்டுக்கும் எப்போது முடியும் என்று தேதியோடு பதில். அடுத்து, வார்டுக்குள் ஏழைகளுக்கு வீடு. அப்புறம் மாநகராட்சிப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும். வரியைக் கடைசியில் எழுதுவேன்: சிறிய வீட்டுக்கு ஏற்றாதீர்கள், வருடக்கணக்காகக் கட்டாமல் வைத்திருக்கும் பெரிய கட்டடங்களிடம் முதலில் வசூலியுங்கள், எங்கள் வார்டில் வசூலானது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று வருடம் ஒரு முறை வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் படித்துக் காட்டுங்கள்.

பட்டியல் இன்னும் முடியவில்லை. அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு, அதே பூங்காவில். என் கணக்கு நோட்டைக் கொண்டு வருகிறேன், நீங்களும் உங்கள் வீட்டுக் கேன், லாரிக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். எதிர்வீட்டு இரண்டு குடும்பங்களையும் நான் அழைத்திருக்கிறேன். வாடகைக்கு இருக்கும் மற்றவர்களும் வாருங்கள். உறுப்பினர் இல்லை என்று யாராவது சொன்னால், என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள்.