மரத்தை வெட்டியாச்சு, தரையை யார் வாருவது?

மரம் வெட்டும் வேலை எப்போது முடிகிறது? கடைசிக் கிளை லாரியில் ஏறியதும் முடிந்துவிட்டது என்று சிங்கப்பூரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை ஐயா, முடியவில்லை. தரையை ரேக் (நீளக் கைப்பிடியில் பல் வைத்த வாருகோல்) போட்டு வாரி, அள்ளி, மூட்டை கட்டி ஏற்றிய பிறகுதான் முடிகிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

செராங்கூன் கார்டன் பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். கொல்லையில் மாமனார் காலத்து மாமரம். கிளைகள் கூரை மேல் சாய்ந்துவிட்டதால் கழித்துவிட ஆள் கூப்பிட்டோம். விலை எழுதிக் கொடுத்த தாளில் 'சுத்தம் செய்வது உட்பட' என்று பளிச்சென்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் சரி என்றேன். மரம் ஏறிய தம்பியின் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கயிறு கட்டி, ஒவ்வொரு கிளையாக இறக்கி, ஓட்டில் ஒரு கீறல் விழாமல் வெட்டினான். கைவேலை தெரிந்த பிள்ளை.

அப்புறம் வந்தது பாருங்கள், புளோவர், காற்றடித்து இலையை ஊதித் தள்ளுகிற மெஷின். ஒருவர் முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார், தெருவே அதிர ஒரு சத்தம், இலையும் தூளும் நாலா பக்கமும் பறந்தன. கொடியில் காய்ந்த துணியில் மரத்தூள். பூந்தொட்டிகளுக்கு அடியில் இலை. செருப்பு வைக்கும் தட்டுக்குள் இலை. மிச்சமெல்லாம் வேலியோர வடிகாலுக்குள். மெஷினை நிறுத்தியதும் மேற்பார்வை பார்க்கிறவர், "முடிஞ்சிருச்சுக்கா" என்றார். "தம்பி, கீழே கொஞ்சம் பாருப்பா" என்றேன். "அதெல்லாம் ஒரு மழை பெஞ்சா போயிடும்கா" என்றார்.

போயிடுமா? எங்கே போகும்? இந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது. இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. பெய்கிற மழை வடிகால் வழியாகத்தான் ஓடி 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. அதைச் சுத்திகரித்துத்தான் குழாயில் நமக்கே அனுப்புகிறார்கள். வடிகாலில் நீங்கள் ஊதித் தள்ளிய குப்பை மாயமாக மறைவதில்லை. ஒன்று, ஓடிப்போய் வலையில் மாட்டும், அதை அள்ள இன்னொரு தொழிலாளி வேண்டும். இல்லையென்றால் என் வீட்டு வடிகால் வளைவிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும். அடைத்தால் தண்ணீர் தேங்கும். தண்ணீர் தேங்கினால் என்ன வரும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்ததே! ஏடிஸ் கொசு முட்டையிடக் குளமா வேண்டும்? சுருண்ட இலையில் தேங்கிய துளி போதும். முட்டை காய்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் தாங்கும், அடுத்த மழையில் பொரிக்கும். கூரையோரத் தண்ணீர்க் குழாயை அடைப்பில்லாமல் வையுங்கள் என்று சுற்றுப்புற வாரியம் ஆண்டுக்கணக்காகச் சொல்கிறது. எங்கள் கூரையோரக் குழாயில் அன்று விழுந்த மா இலையை யார் எடுத்தார்கள்? எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கு அதிகாரி வந்து லார்வா கண்டுபிடித்தால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதச் சீட்டு என் பேருக்குத்தானே வரும்? புளோவர் மாட்டியவர் பேருக்கா வரும்?

சரி, வடிகாலை விடுங்கள். புல்லுக்கு வருவோம்.

லாரி போன பிறகு புல்தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, பச்சையாகத்தான் இருக்கும், அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். உட்கார்ந்து புல்லை விரலால் விலக்கினால் தெரியும் சேதி. பென்சில் கனத்தில் சுள்ளிகள், வெட்டுவாய் கத்தி மாதிரிச் சாய்வாக, செங்குத்தாக மண்ணில் குத்தி நிற்கின்றன. வெறுங்காலோடு ஓடுகிற பேரப்பிள்ளை மிதித்தால் என்ன ஆகும்? அறுத்த இடத்துக்கு நேர் கீழே மரத்தூள் தடிமனாக, ஈரத்தில் இறுகி, ஒரு தட்டாகப் படிந்திருக்கிறது. அப்படியே விட்டால் அடியில் இருக்கும் புல் வெளிச்சம் இல்லாமல் மஞ்சளாகும். தூள் மட்குவதற்கு மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், புல்லுக்கு மிஞ்சாது. போதாக்குறைக்கு, பாதி கிழிந்த கெரெங்கா கூடு ஒன்று. மா இலைகளை வெள்ளை நூலால் தைத்த மாதிரி ஒட்டி வைத்திருக்குமே, அந்தச் சிவப்பு எறும்புக் கூடு. வீடு போன ஆத்திரத்தில் அவை புல் முழுக்கத் திரிந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் முசுறு என்பார்கள். கடித்தால் விடாது. அந்தக் கூட்டை எடுத்து மூட்டையில் போட ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தைக்கூட எங்களுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை.

பந்தி போட்டு வயிறாரச் சோறு போட்டுவிட்டு எச்சில் இலையை எடுக்காமல் போகிறவனை நல்ல சமையல்காரன் என்று யாராவது சொல்வார்களா?

ரேக் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அதை முறையாகப் பிடிக்கத் தெரிந்தால் இந்த அவஸ்தையே இல்லை. இலைக்கும் சுள்ளிக்கும் விரிந்த மெல்லிய கம்பிப் பற்கள் உள்ளதுதான் வேண்டும். வளைந்து கொடுக்கும், புல்லின் வேரைப் பிய்க்காது. கெட்டிப் பல் வைத்த இரும்பு ரேக் மண்ணைச் சமப்படுத்த. அதைப் புல்லில் இழுத்தால் புல்லும் சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் ரேக் காய்ந்த இலைக்குச் சரி, ஈர இலையில் பல் மடங்கிக்கொள்ளும். நீளமாக இழுக்கக் கூடாது, குட்டைக் குட்டையாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். வேலியோரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். முக்கியமான விஷயம் இனிமேல்தான்: ஒரு திசையில் வாரி முடித்ததும் அதே இடத்தைக் குறுக்கே இன்னொரு முறை வார வேண்டும். முதல் தடவை மேலாக இருக்கும் இலைதான் வரும். புல்லுக்குள் படுத்திருக்கும் சுள்ளி குறுக்கு வாரலில்தான் கிளம்பி வரும். அந்த இரண்டாம் தடவை வருகிற குப்பையைப் பார்த்தவர்கள் முதல் தடவையோடு நிறுத்தவே மாட்டார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். விடிகாலையில் சுமாத்ராக் காற்று அடித்து மழை கொட்டியிருந்தால் உடனே ரேக்கைத் தூக்காதீர்கள், இலை தரையோடு ஒட்டிக்கொண்டு வராது. வெயில் ஏறி மேல் ஈரம் காயட்டும். வெட்டுவதற்கு முன்பே மரத்தடியில் ஒரு பெரிய கேன்வாஸ் விரித்துவிட்டால் மரத்தூளில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும், நாலு மூலையையும் பிடித்துத் தூக்கி லாரியில் கொட்ட வேண்டியதுதான். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. விரிக்கச் சொன்னால் "லாரியில எடுத்துட்டு வரலக்கா" என்கிறார்கள். மரம் அறுக்கிற செயின்சா எடுத்து வர மறக்கவில்லையே!

எந்த மரம் என்ன கொட்டும் என்று தெரியாமலா இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்? கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை, இலை உள்ளங்கையைவிடப் பெரிது, சிவந்து விழும், வாருவது சுலபம். தூங்குமூஞ்சி மரத்தின் சின்னஞ்சிறு இலைகள் ரேக்கின் பல்லுக்கு நடுவே நழுவிவிடும், அதற்குத் தென்னை ஈர்க்கு விளக்குமாறுதான் சரி. மஞ்சள் பூப் பூக்கும் அங்சானா மரம் பூத்த மறுநாள் தெருவே மஞ்சளாகிவிடும், அது நனைந்தால் வழுக்கும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வட்டாரங்களில் விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றோடு நிற்கிறார்களே, அந்தத் தொழிலாளிகளிடம் கேளுங்கள், எந்த மாதம் எந்த மரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

இங்கே இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. குளிர் நாடுகளில் ஒரு பருவம் முழுக்க இலை விழும், வீட்டுக்கு வீடு ரேக் இருக்கும். நமக்கு வருடம் முழுக்க விழுகிறது, அதனால் யாருக்கும் அது ஒரு வேலையாகவே படவில்லை. மரம் நடுவதை மட்டும் நாம் கொண்டாடுகிறோம். அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் மெம்பாட் மரம் நட்டார், 1971 முதல் மரம் நடும் நாள், 2020இல் பத்து லட்சம் மரம் நடும் திட்டம். எல்லாம் பெருமைதான், எனக்கும் மரம் உயிர். ஆனால் பத்து லட்சம் மரத்தின் இலையும் கீழேதான் விழும். அதை வாருவதற்கும் ஒரு நாளை ஒதுக்கினால் என்ன? மேடை போட வேண்டாம், ஆளுக்கு ஒரு ரேக் கொடுங்கள், போதும்.

என் கோபம் அந்தத் தம்பிகள் மேல் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து வெயிலில் மரத்தில் தொங்கியவனுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய கட்டாயம். ஒரே நாளில் இத்தனை வீடு என்று ஒப்புக்கொண்டு, வாரி முடிக்கும் நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல், கையில் ஒரு புளோவரைத் திணித்து அனுப்புகிற முதலாளி மேல்தான் கோபம். எழுதிக் கொடுத்தது அவர்தானே? 'சுத்தம்' என்று போட்டுக் காசு வாங்கியது அவர்தானே? போன் செய்து கேட்டால், "மேடம், எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்கிறார். எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா?

வீட்டுக்காரர்களையும் விட மாட்டேன். யார் விலை குறைவு என்று மட்டும் பார்த்து, சுத்தம் என்றால் என்னென்ன என்று கேட்காமல் தலையாட்டுகிறோம். கேளுங்கள். கேன்வாஸ் விரிப்பீர்களா, கம்பி ரேக் கொண்டு வருவீர்களா, கூரையோரக் குழாயை யார் பார்ப்பது, வடிகாலை யார் அள்ளுவது, எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். தரையை உட்கார்ந்து பார்க்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் நானே ரேக்கை எடுத்தேன். இருட்டும்வரை வாரினேன், குறுக்கேயும் வாரினேன். மூட்டை மூட்டையாக வந்தது. சுத்தமாகிவிட்டது என்று சொன்ன அதே தரையிலிருந்து! படம் எடுத்து அந்த முதலாளிக்கு அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரம்புத்தான் மரத்தைக் கழிக்கப் போகிறார்களாம், அதே ஆட்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். வரட்டும். வேலியோரம் என் ரேக்கோடு நிற்பேன். அந்தப் புளோவரின் வாய் என் புல் பக்கம் ஒரு தடவை திரும்பட்டும், அப்புறம் இருக்கிறது.