பின்சீட்டுக்கு எதுக்குப்பா பெல்ட்டு?

நம்ம ஊர்க் காரில் சீட் பெல்ட் என்பது பாதுகாப்பு விஷயமே இல்லை, மரியாதை விஷயம். மாமா ஓட்டும் வண்டியில் ஏறி பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். "ஏன் மாப்ள, நான் ஓட்டுறதுல நம்பிக்கை இல்லையா?" என்பார். பெரிய மனுஷனை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று நாமும் விட்டுவிடுவோம். பின்சீட்டில் அத்தைக்குப் பட்டுப்புடவை கசங்கும். பெரியப்பாவுக்கு வயிற்றை அமுக்கும்.

டிரைவர் மட்டும் டோல்கேட் வரும்போது மாட்டுவார். சிலர் அதையும் தோளில் சும்மா தொங்கவிட்டுக் கையால் பிடித்துக்கொள்வார்கள். போலீஸ் எட்டிப் பார்ப்பது முன்சீட்டை மட்டும்தான் என்பதால், பின்சீட்டுக்குச் சட்டமே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். இருக்கிறது சார், 1,000 ரூபாய் அபராதத்தோடு.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த மெர்சிடிஸ் கார் பாலத்துத் தடுப்பில் மோதியது. முன்னால் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்சீட்டில் யாரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். கொஞ்ச நாள் எல்லோரும் அதையே பேசினோம், அப்புறம் மறந்தோம். அந்த ஒரே வருஷத்தில் பெல்ட் போடாமல் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. அதில் பாதிக்குப் பாதி பயணிகள்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் அந்த அலாரம் கிளிப்தான். பெல்ட் போடாவிட்டால் கார் பீப் பீப் என்று கத்துவதை நிறுத்த, காசு கொடுத்து ஒரு துண்டு வாங்கி பெல்ட் மாட்டும் பக்கிளில் செருகுகிறார்கள். 2023இல் ஐந்து ஆன்லைன் தளங்கள் அதை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது. விழிப்புணர்வு இல்லை என்று இனியும் சொல்லாதீர்கள். தெரியாதவனுக்கு எதற்கு அந்தக் கிளிப்?

டிரைவர் சொல்லட்டுமே என்றால், யார் சொல்வது? ஆக்டிங் டிரைவர் ஓனரைப் பார்த்து "சார், பெல்ட் போடுங்க" என்று சொன்னால் அடுத்த தடவை கூப்பிடுவார்களா? கால் டாக்ஸிக்காரருக்கு ரேட்டிங் பயம். பல டாக்ஸிகளில் பக்கிளே சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஆனால் வண்டி மோதினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பெரியப்பா போய் இடிப்பது அந்த டிரைவரின் முதுகில்தான்.

அதனால் சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள்தான் முதலில் கறாராகப் பேச முடியும். நாம் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, உறவுக்காரர்களைத் தவிர. என் வண்டியில் எல்லோரும் மாட்டினால்தான் சாவியைத் திருப்புவேன். இதற்காகவே சித்தப்பா ஒருவர் கோபித்துக்கொண்டு பஸ்ஸில் போனார். போய்ச் சேர்ந்ததும் போன் போட்டும் திட்டினார்.