அது காதலிக்கு எழுதிய கவிதை இல்லை

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘சர்ப்ரைஸ்டு பை ஜாய்’ கவிதை, இறந்துபோன பிரெஞ்சுக் காதலி அனெட் வலோனை நினைத்து எழுதியது, அந்தக் கவிஞருக்கு இயற்கையைத் தவிர வேறு கடவுளே கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

கவிதை வந்தது 1815இல், அனெட் 1841 வரை உயிரோடு இருந்தார்! அது மகள் கேத்தரினைப் பற்றியது என்று கவிஞரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1812 ஜூனில் கிராஸ்மியரில் அவள் இறந்தபோது நான்கு வயதுகூட நிரம்பவில்லை, அப்பா ஊரிலேயே இல்லை, லண்டனில் இருந்தார். அதே டிசம்பரில் ஆறு வயது மகன் தாமஸும் போய்விட்டான். கவிதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். திடீரென்று ஒரு சந்தோஷம் வருகிறது, சொல்லலாம் என்று திரும்புகிறார், சொல்ல வேண்டியவள் கல்லறையில் இருக்கிறாள். அவளை இழந்ததை ஒரு கணம் எப்படி மறந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாரே, அந்த இடம்தான் என்னைப் படுத்துகிறது.

அப்புறம் கடவுள் விஷயம். 1798இல் வந்த, இயற்கையைப் போற்றும் ‘டின்டர்ன் ஆபி’ கவிதையை மட்டும் படித்தால் அப்படித் தோன்றும், சரி. ஆனால் 1805இல் தம்பி ஜான் கப்பலோடு கடலில் மூழ்கிய பிறகு அவர் பார்வை நிறையவே மாறியது. 1822இல் இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாற்றையே சானெட் (பதினான்கு வரிக் கவிதை) வரிசையாக எழுதி வெளியிட்டவர் அவர்.