பூட்டான்: விசா வேண்டாம், ஆனால் கட்டணம் உண்டு

பூட்டான் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, அதனால் அங்கே நடக்கும் பாரோ திருவிழாவுக்கு ஒரு பைசா கட்டணமில்லாமல் போய்வரலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. கட்டணமில்லை என்பது பழைய கதை. கொரோனாவுக்குமுன் அப்படித்தான் இருந்தது, அந்த நினைவில் எழுதியிருப்பார்.

2022 செப்டம்பரில் எல்லையை மறுபடி திறந்தபோதே, இந்தியப் பயணிகளிடமும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று தங்கும் இரவுக் கணக்கில் அரசு வாங்கும் தொகையை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 நுல்ட்ரம். நுல்ட்ரமும் நம் ரூபாயும் சமமதிப்பு, ஆக 1,200 ரூபாய். 6 முதல் 12 வயதுவரை பாதி. கணவன் மனைவி இருவரும் 4 இரவு திம்பு, பாரோ என்று தங்கினால் 9,600 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் தனி. பாரோவில் செங்குத்துப் பாறையிலுள்ள புலிக்கூடு என்ற பௌத்த மடத்துக்கு ஏறும் ஆசையில் கிளம்புகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

என்னை நம்ப வேண்டாம். பூட்டான் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இந்தியப் பயணிகளுக்கான பகுதியைப் பாருங்கள், விசாவுக்குப் பதிலாக வாங்க வேண்டிய அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் இடமும் அதுதான். திம்புவிலுள்ள இந்தியத் தூதரகத் தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். தொகை பின்னால் மாறினாலும் அங்கே தெரிந்துவிடும்.