பெஞ்சு வருவதற்கு முந்தைய நடுக்கூடம்
இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களுக்குள் தபால் நிலையம், கடை என்று நடப்பதைப் புது வழக்கம் என்கிறது ஒரு கட்டுரை. அப்படி இல்லை. இடைக்காலத்தில் பீடம் உள்ள கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது ரெக்டரின், அதாவது அந்தத் தேவாலய வருமானத்துக்கு உரியவரின், செலவு. மக்கள் கூடும் நடுக்கூடம் ஊராரின் செலவு. அதற்குப் பணம் சேர்க்க ஊரார் பியர் காய்ச்சி விற்று விருந்து வைத்தார்கள், சில ஊர்களில் அந்தக் கூடத்திலேயே. நிலையான பெஞ்சுகள் பரவியது 15-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான், அதுவரை தரை பெரும்பாலும் காலிதானே! பதிவேட்டு விஷயத்தில் மட்டும் படு உஷார். 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதியாக வேண்டியிருந்தது. 1603 திருச்சபை விதிப்படி அந்த ஏடு மூன்று பூட்டுப் பெட்டிக்குள். ஒரு சாவி போதகரிடம், மற்ற இரண்டும் வார்டன்களிடம் (தேவாலயக் காரியங்களைக் கவனிக்கும் ஊர்ப் பிரதிநிதிகள்) தனித்தனியாக. ஒரு வார்டன் சந்தைக்குப் போய்விட்டால் பெட்டி திறக்காது.